நரம்பு என்னும் சொல்லும் சயாட்டிகா வலியும்: பெங்களூர் ஒக்கலிபுரத்தை முன்வைத்து ஒரு மருத்துவச் சொல் வரலாறு

இடுப்பின் ஒரு பக்கத்தில் தோன்றிப் பிட்டம், பின்தொடை, முழங்கால், கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்னல்போல் இறங்கும் வலியைப் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் வாழும் தமிழர் பல பெயர்களால் குறிக்கின்றனர். வாயுப் பிடிப்பு, நரம்பு இழுத்தல், நரம்பு சுருட்டல், ஜவ்வு விலகல், டிஸ்க் நழுவல், சயாட்டிகா என்பன அவற்றுட் சில. ஒரே நோயாளி ஒரே நாளில் வீட்டாரிடம் ஒரு பெயரும், எண்ணெய் தேய்ப்பவரிடம் மற்றொரு பெயரும், மருத்துவமனைச் சீட்டில் பிறிதொரு பெயருமாக இவ்வலியைச் சொல்ல நேர்கிறது. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் உடலைப் பற்றிய ஒரு கோட்பாட்டையும், அக்கோட்பாட்டிற்கேற்ற ஒரு சிகிச்சையையும் தம்முள் கொண்டுள்ளன. வாயு என்றால் எண்ணெயும் ஒற்றடமும், நரம்பு இழுத்தது என்றால் நீவலும், டிஸ்க் நழுவியது என்றால் படமும் அறுவையும் நினைவுக்கு வருகின்றன. இச்சொற்களின் வரலாற்றை, குறிப்பாக நரம்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் பொருள் மாற்றத்தை, அவ்வலிக்குரிய மருத்துவத்தின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் மக்களும்

பெங்களூர் நகரத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி, ஸ்ரீராமபுரம், சேஷாத்திரிபுரம், ராஜாஜி நகர் ஆகியவற்றிற்கு இடைப்பட்டதாக அமைந்தது ஒக்கலிபுரம். தமிழ் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இப்பகுதியின் தமிழ்க் குடியிருப்பைப் புரிந்துகொள்ள அருகிலிருந்த ஆலைகளை நோக்க வேண்டும். 1884இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்ப் பின்னி நிறுவனத்தின் மேலாண்மைக்கு வந்த பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை, ராஜா மில் என மக்கள் அழைத்த மைசூர் நூற்பாலை, அரசியல் சட்ட வரலாற்றில் 1980ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பால் பெயர்பெற்ற மினர்வா ஆலை ஆகியவை நகரின் இம்மேற்குப் பகுதியைச் சூழ்ந்தே இயங்கின. மைசூர் சமஸ்தானத்தின் தொழிலாளர் வாழ்வைப் பற்றி ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட நூல் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளரையும் ஒருசேர வைத்து ஆராய்கிறது. இவ்விரு உழைப்பாளர் கூட்டத்திலும் தமிழர் பெரும்பங்கினர் என்பது அறியப்பட்டதே.

ஆலை உழைப்பு முதுகின் உழைப்பு. பஞ்சுப் பொதியைக் குனிந்து தூக்குதல், தறியின்முன் மணிக்கணக்கில் நின்று முன்புறமாகச் சாய்ந்து இழை முடிதல், தொடர்வண்டிச் சரக்குக் கொட்டகையில் மூட்டையை முதுகிலேற்றி உடலைத் திருப்புதல் ஆகியவை இடுப்புத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் மிகுந்த அழுத்தத்தை உண்டாக்குவன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தீங்கு விளைவிக்கத்தக்க அளவு எடையைத் தொழிலாளி தூக்குமாறு செய்யலாகாது என்றது. எடையின் வரம்பை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பெரும எடை பற்றிய உடன்பாட்டை நிறைவேற்றியபோது, அதனோடு வெளியிட்ட பரிந்துரை வளர்ந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவை மேல்வரம்பாகக் காட்டியது. சரக்குக் கொட்டகையின் மூட்டையோ நூறு கிலோவாக இருந்த காலம் நெடியது. ஆலைகள் மூடப்பட்டபின் அவ்வீடுகளின் அடுத்த தலைமுறை ஆட்டோ ஓட்டுவதற்கும், கட்டட வேலைக்கும், கணினித் திரையின்முன் அமர்வதற்கும் சென்றது. நெடுநேரம் அமர்ந்திருத்தலும் அதிர்வும் இடுப்பிற்குத் தீங்கே என்பதால் வலி தொழிலோடு ஒழிந்துவிடவில்லை.

கழுகின் நடை

இந்திய மருத்துவ நூல்களுள் இவ்வலியைத் தனிநோயாக இனங்கண்டு பெயரிட்டவை ஆயுர்வேத நூல்கள். சரக சங்கிதை சிகிச்சைப் பகுதியின் 28ஆம் இயலில், வாத நோய்களைக் கூறுமிடத்து, கிருத்ரசி என்னும் நோயை விளக்குகிறது. கிருத்ரம் என்பது கழுகு. நோயாளி ஒரு காலை விறைப்பாக வைத்து, உடலைச் சாய்த்து நடக்கும் நடை கழுகின் நடையை ஒத்தது என்பதனால் இப்பெயர் அமைந்தது என்பர். பிட்டத்தில் தொடங்கி, இடுப்பு, முதுகு, தொடை, முழங்கால், கெண்டை, பாதம் என வலி இறங்கும் வரிசையை அந்நூல் தருகிறது. குத்தல், விறைப்பு, துடிப்பு ஆகியவை குறிகளாகக் கூறப்பட்டன. வாதம் தனித்து நிற்கும் வகை ஒன்று, கபத்தோடு சேர்ந்து உடற்கனமும் உணவில் வெறுப்பும் தரும் வகை மற்றொன்று என இருவகையும் காட்டப்பட்டன. இன்றைய மருத்துவர் நோயாளியைக் கேட்டு எழுதும் குறிப்பும் வலியின் இவ்வழித்தடத்தையே முதலில் பதிவு செய்கிறது.

சுசுருத சங்கிதையின் விளக்கம் மேலும் நுட்பமானது. குதிகாலுக்கும் விரல்களுக்கும் செல்லும் கண்டரம் வாதத்தால் தாக்குண்டு, காலை மேலே தூக்கவொட்டாமல் தடுப்பதே இந்நோய் என்பது அந்நூலின் கருத்து. கண்டரம் என்பது தடித்த தசைநாணைக் குறிக்கும் சொல். வலியைவிட, கால் தூக்க இயலாமையே இங்கு நோயின் அடையாளமாகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே குறி மீண்டும் கண்டறியப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் எர்னஸ்ட் சார்லஸ் லசேக் 1864இல் இந்நோய் பற்றி எழுதினார். மல்லாந்து படுத்த நோயாளியின் காலை முழங்கால் மடங்காது உயர்த்தினால் வலி தோன்றும் என்னும் சோதனையை அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். அதற்கு ஓராண்டு முன்னரே, 1880இல், செர்பிய மருத்துவரும் எழுத்தாளருமான லாசா லாசரேவிச் இதனைத் தம் மொழியில் எழுதிவிட்டார். எனினும் உலகம் லசேக்கின் பெயரையே கொண்டது. சிறுமொழியில் எழுதப்பட்ட அறிவு பெருமொழிக்குச் செல்லும்வரை கண்டுபிடிப்பாகக் கருதப்படாமை தமிழ் ஆய்வாளருக்குப் புதிய செய்தியன்று.

இவ்வொப்புமையைக் கொண்டு சுசுருதர் நரம்பழுத்தத்தை அறிந்திருந்தார் என்று கூறுதல் மிகையாகும். அவர் கண்டது காலின் இயக்கத்தடை. அதற்குக் காரணமாக அவர் கொண்டது நாண். காட்சி சரியாக இருந்து காரணம் வேறாக அமைதல் மருத்துவ வரலாற்றில் இயல்பானது.

சிகிச்சை நோக்கில் சரகர் நாளத்தைக் கீறிக் குருதி வாங்கல், வஸ்தி, சூடிடல் ஆகியவற்றைக் கூறினார். கணுக்காலுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட இடம் குருதி வாங்கவும் சூடிடவும் குறிக்கப்பட்டது. சுசுருதர் முழங்கால் மூட்டிற்கு நான்கு விரல் மேலோ கீழோ நாளத்தைத் திறக்கச் சொன்னார். சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டனுள் ஒற்றடம், வேது, பற்று, தொக்கணம், சுட்டிகை, குருதி வாங்கல், அட்டை விடல் ஆகியவை இடம்பெறுகின்றன. உள்மருந்தாக அமுக்கராச் சூரணமும், வெளிமருந்தாக உளுந்துத் தைலம், விடமுட்டித் தைலம், வாத கேசரித் தைலம் முதலியனவும் வாத நோய்களுக்கு வழங்கிவருகின்றன. நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து இடும் ஒற்றடம் ஒக்கலிபுரத்துத் தமிழ் வீடுகளுக்கும் அயலானதன்று. சித்த நூல்கள் வாத நோய்களை எண்பதாக வகுத்தமை பலரும் அறிந்ததே. ஆயினும் கிருத்ரசி என்பதற்கு நிகரான, மக்கள் நாவில் வழங்கும் தனித்தமிழ்ப் பெயரொன்று இவ்வலிக்கு நிலைபெறவில்லை. சூலை என்னும் சொல் ஒருகால் அவ்விடத்தை நிரப்பியிருக்கக்கூடும். திருநாவுக்கரசர் வரலாற்றில் சூலை என்பது வயிற்று நோய். மருத்துவ நூல்களிலோ அது மூட்டுவலிகளையும் தழுவி விரிகிறது. எல்லாக் கூர்வலிக்கும் உரியதாகிவிட்ட சொல் எந்த ஒரு வலிக்கும் பெயராக நிற்க இயலாதன்றோ?

நாண், நாளம், நரம்பு

இனி நரம்பு என்னும் சொல்லை நோக்குவோம். பழந்தமிழில் இதன் முதன்மைப் பொருள்களுள் ஒன்று யாழின் தந்தி. தொல்காப்பியம் இசைநூலைச் சுட்டுங்கால் நரம்போடு சார்த்தியே சுட்டுகிறது. உடலைக் குறிக்குமிடத்து இச்சொல் தோலுக்கு வெளியே புடைத்துத் தெரியும் நாளத்தையோ நாணையோ உணர்த்தியது. புறநானூற்று 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார், போரில் மகன் பட்ட செய்தியறிந்த முதுமகளின் தோளை வருணிக்கும்போது நரம்பு எழுந்த தன்மையைக் குறிப்பிடுகிறார். அங்கு நரம்பு கண்ணால் காணத்தக்கது. மூளையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் இழை என்னும் பொருள் அச்சொல்லுக்கு அப்போது இல்லை, இருந்திருக்கவும் இயலாது.

கிரேக்கத்திலும் இதே நிலை காணப்படுகிறது. நியூரான் என்னும் சொல் முதலில் வில்லின் நாணையும் தசைநாணையும் குறித்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ், எராசிஸ்திராடஸ் ஆகியோர் உடலை அறுத்து ஆராய்ந்தபின்னரே உணர்விழைகள் நாண்களிலிருந்து பிரித்தறியப்பட்டன. இலத்தீன் நெர்வஸ் என்பதும் அவ்வாறே நாணிலிருந்து நரம்பாயிற்று. எனவே தமிழ் நரம்பின் பொருள் மாற்றம் தனித்த நிகழ்வன்று. வேறுபாடு யாதெனில், அங்கே பழம்பொருள் பெரும்பாலும் மறைந்தது, தமிழில் மறையவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழாக்கி வெளியிட்ட நூற்றாண்டு அது. அக்காலந்தொட்டுப் புதிய பொருள் பழஞ்சொல்லின்மேல் ஏற்றப்பட்டு வந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் நாண், நாளம், யாழ்த்தந்தி, உணர்விழை ஆகிய பொருள்களை ஒரே தலைச்சொல்லின்கீழ் அடுக்குகிறது. நாளத்தில் செலுத்தும் ஊசியை நரம்பூசி என்று இன்றும் கூறுகிறோம். முதியவர் கையில் புடைத்த நாளங்களைக் காட்டி நரம்பு தெரிகிறது என்கிறோம்.

பெங்களூரில் இச்சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தின் நர, தெலுங்கின் நரம் ஆகியவை நரம்பின் உறவுச் சொற்கள். அவையும் நாளம், நாண், உணர்விழை மூன்றையும் சுமப்பவை. தக்கினி உருதுவின் நஸ், ரக் என்பவையும் அத்தகையனவே. ஆகவே ஒக்கலிபுரத்தில் தமிழரும் கன்னடரும் தக்கினி முஸ்லிமும் தத்தம் மொழியில் இவ்வலியைச் சொன்னாலும், கால்நெடுகச் செல்லும் ஒரு கயிறு முறுக்கிக்கொண்டது என்னும் ஒரே படிமமே மூவர் மனத்திலும் எழுகிறது. கயிறு முறுக்கிக்கொண்டால் நீவி எடுக்கலாம் என்பது அடுத்த கருத்து. நகரெங்கும் காணப்படும் புத்தூர்க் கட்டு என்னும் பெயர்ப்பலகைகளும், சுளுக்கு எடுப்போரின் செல்வாக்கும் இப்படிமத்தின்மேல் நிற்பவை. எலும்பு முறிவுக்குரிய கட்டு முறையின் தகுதி இங்கு ஆராய்ச்சிக்கு உரியதன்று. முறிவிற்குரிய கையை நரம்பழுத்தத்திற்கும் நீட்டச் செய்வது ஒரு சொல்லின் பல்பொருள்மை என்பதே இங்குக் கூறத்தக்கது.

யாக்கோபின் தொடை

யுனானி மருத்துவம் இவ்வலியை இர்குன் நசா என்கிறது. இர்கு என்பது அரபியில் நாளம் அல்லது வேர். நசா என்பது இடுப்பிலிருந்து கீழிறங்கும் அக்குறிப்பிட்ட இழைக்குரிய பெயர். அர்ராஸி, இப்னு சீனா முதலிய பேராசிரியர்கள் இப்பெயரில் நோயை விளக்கியுள்ளனர். இந்த நசா எபிரேயத்தின் நாஷெ என்னும் சொல்லோடு உறவுடையது. விவிலியத்தின் ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இரவு முழுதும் போராடியபின் தொடைச்சந்தில் தொடப்பட்டு நொண்டி நடந்த செய்தி வருகிறது. அதன் காரணமாக இஸ்ரவேலர் விலங்கின் அப்பகுதியை உண்பதில்லை. எபிரேய மூலத்தின் கீத் ஹனாஷெ என்னும் தொடரைத் தமிழின் பழைய விவிலியத் திருப்புதல் தொடைச்சந்து நரம்பு என மொழிபெயர்த்தது. ஸ்ரீராமபுரம், ஒக்கலிபுரப் பகுதித் தமிழ்க் கிறித்தவர் செவிகளுக்கு இத்தொடர் பழக்கமானது. சயாட்டிகா நரம்பிற்குத் தமிழில் ஏற்பட்ட பொருத்தமான பெயர் இதுவே எனலாம். இடத்தையும் பொருளையும் ஒருங்கே உணர்த்தும் இச்சொல்லைக் கலைச்சொல் ஆக்கியோர் போதிய அளவு கருதாதது வியப்பே.

பெங்களூரில் யுனானி வலுவான நிறுவனமாக நிற்கிறது. நகரின் மேற்கே மகடி சாலையில் கொட்டிகெபாளையாவில் அமைந்துள்ள தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் 1984இல் நடுவண் அரசும் கருநாடக அரசும் இணைந்து ஏற்படுத்தியது. குருதி வாங்கும் ஹிஜாமா முறை யுனானியில் இவ்வலிக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளுள் ஒன்று. மெஜஸ்டிக்கை அடுத்த தன்வந்திரி சாலையில் உள்ள ஜெயசாமராஜேந்திர இந்திய மருத்துவ நிறுவனம் ஆயுர்வேதத்தையும் யுனானியையும் ஒரே வளாகத்தில் வழங்குகிறது. சரகரின் குருதி வாங்கல், சித்தரின் அட்டை விடல், யுனானியின் ஹிஜாமா ஆகியவற்றோடு, 1764இல் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமினிகோ கொத்துனோ முழங்காலின் வெளிப்புற எலும்பு முனைக்கருகே தோலைக் கொப்புளிக்கச் செய்து நீரை வெளியேற்றிய முறையையும் ஒப்பிடலாம். காலின் கீழ்ப்பகுதியில் ஒரு வாயிலைத் திறந்தால் கெட்டது வெளியேறும் என்னும் எண்ணம் நான்கிலும் பொதுவானது.

எலும்பிலிருந்து நரம்பிற்கும், நரம்பிலிருந்து வட்டிற்கும்

கொத்துனோவின் சிறப்பு அவர் செய்த சிகிச்சையில் இல்லை. செய்த வேறுபாட்டில் உள்ளது. சயாட்டிகா என்னும் சொல் இடுப்பெலும்பைக் குறிக்கும் கிரேக்க இஸ்கியான் என்பதன் வழிவந்தது. எனவே பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் இதனை இடுப்பு மூட்டின் நோயாகவே கருதினர். மூட்டில் தோன்றும் வலி வேறு, நரம்பில் தோன்றும் வலி வேறு என்று 1764இல் வெளியிட்ட நூலில் கொத்துனோ முதன்முதலாகப் பிரித்துக் காட்டினார். நரம்பின் உறைக்குள் நீர் மிகுதலே காரணம் என அவர் கருதியது பிழையாயிற்று. ஆயினும் நோய் மூட்டிலிருந்து நரம்பிற்கு இடம்பெயர்ந்தது.

அடுத்த இடப்பெயர்ச்சிக்கு 170 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1909இல் பெர்லினில் ஓப்பன்ஹைம், கிரௌஸ் இருவரும் முதுகெலும்புக் குழாயிலிருந்து நீக்கிய கட்டியைக் குருத்தெலும்புக் கழலை என்று எண்ணினர். உண்மையில் அது பிதுங்கிய வட்டின் பகுதி. 1934இல் பாஸ்டனைச் சார்ந்த மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர், முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற வட்டு கிழிந்து அதன் உட்பொருள் வெளிவந்து நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பாலான சயாட்டிகாவின் காரணம் என நிறுவினர். இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்பு மட்டங்களிலும் அதன் கீழுள்ள திருவெலும்பிலும் தோன்றும் ஐந்து வேர்கள் கூடியே இந்நரம்பு உருவாகிறது. உடலிலுள்ள நரம்புகளுள் தடித்தது இது. வலி காலில் உணரப்படினும் பழுது முதுகில் உள்ளது. கால் நெடுக எண்ணெயிட்டு நீவுவோர் தவறவிடுவது இவ்விடத்தையே.

மிக்ஸ்டரும் பாரும் தந்த தெளிவு ஒரு புதிய மயக்கத்திற்கும் வித்திட்டது. வட்டே காரணமெனின் வட்டை வெட்டியெடுத்தல் தீர்வாகிவிடும் என்னும் எண்ணம் பரவியது. 1960களில் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பெய்ன் என்னும் நொதியை வட்டிற்குள் செலுத்திக் கரைக்கும் முறை அமெரிக்காவில் தோன்றியது. 1982இல் அதற்கு அங்கு ஒப்புதல் கிடைத்தது. கடும் ஒவ்வாமை முதலிய தீங்குகள் வெளிப்பட்டபின் 2003இல் விற்பனை நிறுத்தப்பட்டது. இறைச்சியை மெதுவாக்கப் பப்பாளிக்காயைச் சேர்க்கும் சமையலறை அறிவிற்கும் இதற்கும் உள்ள தொடர்பு வேதியியல் நோக்கில் உண்மையானதே.

காந்த ஒத்ததிர்வுப் படம் வந்தபின் மயக்கம் மேலும் வளர்ந்தது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்குப் படமெடுத்தபோது 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தன. பாதிக்கும் மேற்பட்டோரிடம் வட்டு வீக்கமும், 27 விழுக்காட்டினரிடம் பிதுக்கமும் காணப்பட்டன. படத்தில் தெரிவது நோயாகிவிடாது என்பது இதனால் பெறப்படும். ஒக்கலிபுரத்து நோயாளி ஜவ்வு விலகிவிட்டது என்று அஞ்சிப் படுக்கையில் விழுவதற்கு அப்படமும் அச்சொல்லுமே காரணமாக அமைகின்றன. நழுவல், விலகல் ஆகிய சொற்கள் இடம் மாறிய பொருளைத் திரும்ப இடத்தில் வைக்க வேண்டும் என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றன. வட்டு நழுவுவதில்லை, அது முள்ளெலும்புகளோடு உறுதியாகப் பிணைந்தது. அதன் உட்கூழ் பிதுங்குகிறது. அப்பிதுக்கம் பலருக்கு உடலாலேயே சிறுகச் சிறுக உறிஞ்சப்பட்டுச் சுருங்குகிறது.

ஓய்வைப் பற்றிய நம்பிக்கையும் அண்மைக்காலத்தில் மாறியது. நெதர்லாந்தில் 183 நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் முழுப் படுக்கை ஓய்வு கொண்டவருக்கும் இயன்றவரை நடமாடியவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்னிரண்டு வாரத்தில் இரு பிரிவிலும் 87 விழுக்காட்டினர் முன்னேறியிருந்தனர். அதே நாட்டில் 283 பேரைக் கொண்டு 2007இல் வெளிவந்த ஆய்வு, விரைந்து அறுவை செய்தோருக்கு வலி முன்னதாகக் குறைந்தது என்றும், ஓராண்டின் இறுதியில் இரு பிரிவினரும் 95 விழுக்காடு குணமடைந்திருந்தனர் என்றும் காட்டியது. அறுவையின்றிக் காத்திருந்த பிரிவினருள் 39 விழுக்காட்டினர் அவ்வாண்டிற்குள் அறுவைக்குச் செல்ல நேர்ந்ததையும் மறைக்கலாகாது. எனவே அறுவை வேண்டாதது என்பதும் அறுவையே தீர்வு என்பதும் ஒருதலையானவை. தாங்கவியலா வலியோடு கூலியை இழந்து மூன்று மாதம் காத்திருக்க இயலாத மூட்டைத் தொழிலாளிக்கு விரைவு என்பதே ஒரு பயன். நரம்பு வலி மாத்திரையாகப் பரவலாக எழுதப்படும் பிரிகாபலின் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை என 2017இல் அறிவிக்கப்பட்டது.

பெங்களூர் இத்துறையில் மருந்து உண்ணும் நகரம் மட்டுமன்று. 1954இல் அனைத்திந்திய மனநல நிறுவனமாகவும், 1974இல் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகவும் வடிவுபெற்ற நிமான்ஸின் முதல் இயக்குநர் மார்த்தாண்ட வர்மா நரம்பறுவை மருத்துவரே. மனநலத்தையும் நரம்பியலையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தமை அறிவியல் நோக்கில் பாராட்டத்தக்கது. கால்வலிக்கு அங்குச் செல்லச் சொன்னால் தயங்குவோர் உளர். பழைய மனநல மருத்துவமனை என்னும் பெயர் மக்கள் நினைவிலிருந்து எளிதில் நீங்கவில்லை. நகரின் தெற்கே ஜிகணியை அடுத்துள்ள விவேகானந்த யோகப் பல்கலைக்கழகத்தினர் நெடுநாள் முதுகுவலியுடைய 80 பேரை ஏழு நாள் உடன்தங்க வைத்துச் செய்த ஆய்வை 2008இல் வெளியிட்டனர். யோகப் பயிற்சி பெற்றோரிடம் வலியும் இயலாமையும் உடற்பயிற்சிப் பிரிவினரைவிட மிகுதியாகக் குறைந்தன. இவ்வாய்வு பொதுவான முதுகுவலிக்குரியது. வட்டுப் பிதுக்கம் புதிதாக நேர்ந்தவர் முன்குனியும் ஆசனங்களைத் தாமே செய்தல் அதனால் ஆதரிக்கப்படுவதாகாது.

சொல்லும் உயிரும்

சொல்லாராய்ச்சி மருத்துவத்திற்கு எவ்வகையில் பயன்படும் என்னும் வினாவிற்கு இந்நோயின் ஓர் அரிய நிலை விடை தருகிறது. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிட, அதன்கீழ் நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்குகின்றன. உடற்கூற்றியலார் இதனைக் குதிரைவால் என்று பெயரிட்டனர். பெரிய பிதுக்கம் இக்கற்றை முழுவதையும் நெருக்குமாயின் வலி இரு கால்களிலும் பரவும். சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அல்லது அறியாமல் கழியும். மலத்தை அடக்கும் ஆற்றல் குன்றும். குதிரைமேல் அமர்ந்தால் சேணம் படும் இடமாகிய பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போகும். இந்நிலையில் அறுவை நாள்கணக்கில் தள்ளத்தக்கதன்று, மணிக்கணக்கில் செய்யத்தக்கது. தாழ்த்தினால் சிறுநீர்க் கட்டுப்பாடு வாழ்நாள் முழுதும் திரும்பாமலே போகலாம். பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுதலும் விரைந்து காட்டவேண்டிய குறியே.

நரம்பு இழுத்திருக்கிறது, நீவினால் சரியாகிவிடும் என்று ஒரு குடும்பம் காத்திருக்கும் இரண்டு நாள் இங்குத்தான் விலையாகிறது. நோயாளி பெண்ணாயின் மரத்துப்போன இடத்தைச் சொல்ல நாணுவார். ஆண் மருத்துவர் கேட்கவும் தயங்குவார். கேட்டாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார். கால்வலிக்கும் சிறுநீருக்கும் தொடர்புண்டு என்பதை வாயு என்னும் சொல்லும் உணர்த்தவில்லை, நரம்பு என்னும் சொல்லும் உணர்த்தவில்லை. தொடைச்சந்து நரம்பு, முதுகு வட்டு, வட்டுப் பிதுக்கம், குதிரைவால் நரம்புக்கற்றை ஆகிய சொற்கள் தமிழில் ஆயத்தமாக உள்ளன. நாளத்திற்கு நாளம் என்றும், நாணுக்குத் தசைநாண் என்றும் சொற்கள் உள்ளன. கால்வலியோடு சிறுநீர் அடைத்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்க என்னும் ஒரு வரி ஒக்கலிபுரத்து மருந்துக் கடைச் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதப்படுவதற்கு இவற்றுள் கடினமான சொல் ஒன்றுகூடத் தேவைப்படாது.